சி டிரைவில் இடமில்லை

ஜூலை 18, வியாழன்

சி டிரைவ் மறுபடியும் சிவப்பு. நூற்றிருபது ஜிபியில் ஒரு ஜிபிகூட மிச்சம் இல்லை. இருபதுக்குப் பத்து ஃப்ளெக்ஸைத் திறந்தால் ஃபோட்டோஷாப் பாதியில் கையை விரிக்கிறது. 'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்' என்று ஒரு பெட்டி வருகிறது. அதில் ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். ஓகே சொல்வதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

ஆடி பிறந்துவிட்டது. சாகை வார்த்தல், செடல், தீமிதி என்று ஊருக்கு ஊர் அம்மன் திருவிழா. ஃப்ளெக்ஸ் கடைக்கு இதுதான் அறுவடைக் காலம். ஓனர் தணிகைவேலிடம் சொன்னேன்.

"புது டிஸ்க் போடணும்ண்ணா."

"ஆடி முடியட்டும்மா அபி. இப்போதைக்கு வேண்டாதத அடி."

போன தடவை தை முடியட்டும் என்றார்.

பூமிநாதன் அண்ணன் செத்து இன்றோடு ஐந்து நாள். எங்கள் கடையில் அச்சாகும் ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ரோட்டில் நிமிர்த்துகிறவர் அவர். போன சனிக்கிழமை அரிசி மண்டிக்காரர் மகனின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸை நிமிர்த்தும்போது இரும்புச் சட்டம் மேலே போன கரண்ட் கம்பியில் பட்டது. பிறந்தநாள் மறுநாள் நடந்தது. ஃப்ளெக்ஸ் இல்லாமல்தான்.

கட்ட ஆள் இல்லை. ஒன்பது ஃப்ளெக்ஸ் சுருட்டியபடி சுவரில் சாய்ந்திருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

வேண்டாததை அடித்தேன். டெம்ப் ஃபைல்கள் இரண்டு ஜிபி. ரீசைக்கிள் பின் ஒன்றரை. டவுன்லோட்ஸில் ஒரே தலைவரின் ஒரே சிரிப்பு பதினாறு தடவை இறங்கியிருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்தேன். மத்தியானத்துக்குள் கொஞ்சம் இடம் தேறியது. சாயங்காலம் ஃபோட்டோஷாப் அதையும் தின்றுவிட்டு மறுபடி பெட்டியைக் காட்டியது.

உண்மையில் சி டிரைவை அடைத்துக்கொண்டிருப்பது 'தலைகள்'. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டர். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் உட்காரும். ஃப்ளெக்ஸ் அடிக்க யார் வந்தாலும் தலையைக் கத்தரித்து இதில் போட்டு வைப்போம். வெள்ளைச் சட்டை போட்ட உடம்புகள் தனியாக இருக்கின்றன. ஒல்லி, நடுத்தரம், தொப்பை. தலையை எடுத்துப் பொருத்தினால் ஆள் தயார். கால்வாசி பேருக்கு அந்த உடம்பு அவர்களுடையது இல்லை என்பது மறந்தே போய்விட்டது.

ஓனர் இந்த ஃபோல்டரைத் தெருவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். தெரு என்றால் தெரு இல்லை. எந்தத் தெருவுக்கு எந்தக் கலர், பெயருக்கு முன்னால் எந்தப் பட்டம், மேலே எந்தத் தலைவர் படம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாற்றிப் போட்டால் கடைக் கண்ணாடி உடையும். கடைசியில் 'காலனி' என்று ஒரு சின்ன ஃபோல்டர். காலனிக்காரர்களின் ஃப்ளெக்ஸ் வாய்க்கால் கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பூமிநாதன் அண்ணன் காலனிதான். கல்வெர்ட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற அத்தனை தலையையும் நிமிர்த்தியது அவர்.

"தலைகள் மட்டும் அறுபது ஜிபிண்ணா. பாதிய எடுத்துட்டா போதும்."

"ஏம்மா, கடையோட சொத்தே அதுதான். அதுல ஒண்ண அடிச்சிட்டு, நாளைக்கு அந்தாளு வந்து நின்னா என்ன சொல்லுவ? போன எலெக்‌ஷன்ல தோத்தவன்னு நெனச்சேன், அடிச்சிட்டேன்னு சொல்லுவியா?"

சாயங்காலம் கீழத்தெருவிலிருந்து ஒருவர் வந்து என் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வரிசையாகப் பன்னிரண்டு தலை வைத்த தீமிதி ஃப்ளெக்ஸ்.

"பாப்பா, எங்க மாமா தல சின்னதா இருக்கே."

"எல்லாம் ஒரே அளவுதாங்க."

"அதாம்மா பிரச்சன. பக்கத்துல இருக்கறவனும் அவரும் பேசிக்கறதில்ல. ஒரு நூல் பெருசு பண்ணு."

ஒரு நூல் பெரிதாக்கினேன். சேவ் ஆகவில்லை. இடமில்லை.

ஜூலை 20, சனி

ஓனர் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் மிஷின் ஆபரேட்டர் சாதிக் பாயிடம் சொன்னார்: "நம்ம வேல பிரிண்ட்டு மட்டும்தான் பாய். கட்றது கஸ்டமர் பாடு. யாரு வந்து கேட்டாலும் இதான்." சாதிக் பாய் மையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

பிறகு ஓனர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அது இன்னா, 'கட்டியாச்சு'ன்னு?"

அவருக்குத் தெரியும். அது அவருடைய சட்டத்தால் உண்டான ஃபோல்டர். பூமிநாதன் அண்ணனுக்கு முன்னால் இருந்த ஆள், கட்டாத ஃப்ளெக்ஸுக்குப் பழைய படத்தை அனுப்பி ஏமாற்றிவிட்டான். அதிலிருந்து ஓனர் ஒரு விதி வைத்தார்: கட்டி முடித்ததும் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, கட்டினவன் மூஞ்சி தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்துக் கடை வாட்ஸப்புக்கு அனுப்ப வேண்டும். சுற்றிக் காட்டி ஒரு சின்ன வீடியோவும். நான் அவற்றை இறக்கிக் 'கட்டியாச்சு'வில் போட்டுவிட்டுக் கஸ்டமருக்கு அனுப்புவேன். நான்கு வருடப் படங்கள். ஒவ்வொன்றிலும் மேலே பெரிய தலைகள், கீழே மூலையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி பூமிநாதன் அண்ணன்.

"பதினோரு ஜிபி இருக்கு. இத வச்சிக்கினுதான் இடமில்ல இடமில்லன்னியா?"

"ஃபிட்டிங் போட்டோண்ணா."

"கட்டி முடிஞ்சது முடிஞ்சுது. அடி. ஷிஃப்ட்டப் புடிச்சிக்கினு அடி. பின்னுல போய்க் கெடக்க வேணாம்."

திரையில் அழிவதைக் காட்டும் கோடு முழுதாக ஓட ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. ஓனர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். பிறகு தன் போனை எடுத்துக் கடை வாட்ஸப்பிலும் ஏதோ செய்தார்.

சி டிரைவ் நீலத்துக்கு வந்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

கடை உண்டு. ஏழு ஃப்ளெக்ஸ். ஃபோட்டோஷாப் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

பூமிநாதன் அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா வந்தார். கடைக்குள் ஏறவில்லை. ஷட்டர் ஓரமாக நின்றார்.

"அண்ணே, வக்கீலுகிட்ட போயிருந்தோம். வேலை செய்யறப்ப செத்தா லேபர் ஆபீஸ்ல நஷ்டஈடு வாங்கித் தருவாங்களாம். ஆனா உங்க கடையில வேல பாத்தாருன்னு காட்டணுமாம். கட்டி முடிச்சிட்டு போட்டோ அனுப்புவாரே, அத ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

"அடடா. ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? கம்ப்யூட்டரு ஃபுல்லாயி எல்லாம் போயிடுச்சேம்மா."

"ஒரு வாரம் முன்னாடிதாண்ணே அவரு செத்தாரு."

ஓனர் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி வைத்தார். "அவன் போன்ல இருக்குமேம்மா."

"போனு சட்டப் பையிலதான் இருந்துச்சு. அதுவும் கருகிப் போச்சு."

பிறகு ஓனர் சட்டம் சொன்னார். கடை அச்சடிக்கிறது, கட்டுவது கஸ்டமர் கூப்பிட்டு. வேண்டுமானால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பேக் வாங்கித் தருகிறேன் என்றார். அக்கா அவர் பேசி முடிக்கும்வரை கேட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஈட்டுத்தொகை வராவிட்டால் பெரியவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் திருப்பூருக்கு அனுப்பச் சொல்லி மச்சினன் ஆள் பேசிவிட்டானாம். இதை அவர் ஓனரிடம் சொல்லவில்லை. போகும்போது என் ஜன்னல் பக்கம் வந்து சொன்னார்.

"பாப்பா, ஃப்ளெக்ஸ் வச்சவங்களக் கேட்டா கேஸுக்குன்னதும் ஒதுங்கிக்கறாங்க. உங்கிட்ட எங்கயும் இல்லியா?"

"இல்லக்கா."

பொய் இல்லை. இல்லைதானே.

ஜூலை 23, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் டென்சிங் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். மவுஸ் வாங்கத்தான் போனேன். போன இடத்தில் சும்மா கேட்டேன்.

"ஷிஃப்ட் டெலீட் பண்ணது திரும்ப வருமா?"

"எஸ்எஸ்டியா, பழைய ஹார்ட் டிஸ்க்கா?"

"பழசு."

"அப்ப சாவல. அழிக்கறதுன்னா இன்னான்னு நெனச்ச? வாசல்ல இருக்கற பேர்ப் பலகையக் கழட்டிட்டாங்க, அவ்ளோதான். ஆளு உள்ளதான் இருப்பான். வீடு காலின்னு நெனச்சி வேற குடித்தனம் வந்து ஏறுனாத்தான் போச்சு. எப்ப அழிச்சிங்க?"

"சனிக்கிழம."

"அதுக்கப்புறம் சிஸ்டத்த போட்டீங்களா?"

"ஆடி மாசம்டா."

டென்சிங் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "லூசு. உடனே நிறுத்து. அதுல இனிமே எத செஞ்சாலும் அது மேலதான் போய் எழுதும். பிளக்கப் புடுங்கு. ஷட்டவுன்கூடப் பண்ணாத."

"அது எங்க ஓனர் சிஸ்டம்."

"அப்ப எதுக்குடி கேட்ட?"

மவுஸ் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

இன்று செய்த ஃப்ளெக்ஸ்கள்: செடல் ஒன்று. மஞ்சள் நீராட்டு இரண்டு. ஒரு கண்ணீர் அஞ்சலி. ஒரு ஜவுளிக் கடைத் தள்ளுபடி.

ஃபோட்டோஷாப்பை டி டிரைவில் எழுதும்படி மாற்றி வைத்தேன். வேகமாக ஓடட்டும் என்றுதான். ஓடவில்லை. டி டிரைவிலும் இடம் இல்லை. மத்தியானம் ஓனர் வந்து பழையபடி மாற்றச் சொன்னார்.

செடல் ஃப்ளெக்ஸில் இருபத்திரண்டு தலை. ஒவ்வொன்றாக இழுத்து வைக்கும்போது கீழே சிபியு பெட்டியில் டிஸ்கின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நான்கு வருடம் இந்த விளக்கைப் பார்த்ததே இல்லை.

சாதிக் பாய் கேட்டார்: "இன்னாம்மா, கை நகரவே மாட்டேங்குது?"

சொன்னேன். டென்சிங் சொன்னதையும் சொன்னேன். பாய் மிஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "எனக்கு மூணு புள்ளைங்கம்மா. நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

இந்த ஊரில் எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் எதுவும் நடப்பதில்லை.

ஜூலை 25, வியாழன்

காலையில் கால் பட்டுப் பிளக் கழன்றுவிட்டது.

"கால அடக்கமா வச்சிக்கினு உக்காரும்மா" என்றார் ஓனர். பிளக்கைப் போட்டார். விண்டோஸ் தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றியது. சுற்றும்போதெல்லாம் விளக்கு மினுக்கியது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கால் பட்டுவிட்டது.

"உனக்கு இன்னா வலிப்பா?"

மூன்றாவது தடவை என் கால் படவில்லை. கடை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, மிஷின் நின்றது. சாதிக் பாய் மெயின் போர்டுக்குக் கீழே நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ட்ரிப் ஆகிவிட்டது என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஃபேன் ஓடியது. பாய் போர்டுக்குக் கீழே எதற்குப் போனார் என்று நான் கேட்கவில்லை.

கரண்ட் வந்ததும் ஓனரிடம் ஹார்ட் டிஸ்கில் கிர் என்று சத்தம் வருகிறது, இனிமேல் போட்டால் மொத்தமும் போய்விடும் என்றேன்.

"மொத்தமும்னா?"

"தலைகளும்தாண்ணா."

ஓனர் தானே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

ஜூலை 26, வெள்ளி

ஓனர் கூப்பிட்டு டென்சிங் வந்தான். என்னை முன்னே பின்னே தெரியாத மாதிரி நின்றான். நன்றாகவே நடிக்கிறான்.

ஓனர் முதலில், "ஃபார்மட் அடிச்சிக் குடுத்துடு, சுத்தமாப் போயிடும்" என்றார்.

"ஃபார்மட் அடிச்சா இன்னும் ஒரு வாரம் ஓடும்ண்ணே. அப்புறம் தீமிதி அன்னிக்கு நின்னுடும். புது டிஸ்க்கு, எஸ்எஸ்டி போட்டுக்குங்க. உங்க தலைங்கள முழுசா அதுக்கு மாத்திடறேன்."

"தல ஒண்ணு குறையக் கூடாது."

"குறையாதுண்ணே."

"பழைய டிஸ்க்கு?"

"அது பழைய இரும்பு. வேணும்னா நீங்களே வச்சிக்குங்க."

ஓனர் யோசித்தார். பிளக் பாயிண்ட்டையும், என்னையும், டிஸ்கையும் பார்த்தார். எனக்கு வேறு வேலை இருந்ததால் ஃப்ளெக்ஸ் ஓரத்தில் அடிக்கும் ஐலெட் வளையங்களின் டப்பாவைக் கொட்டி எண்ண ஆரம்பித்தேன்.

"நான் எதுக்குய்யா இரும்ப வச்சிக்கினு? எடுத்துக்க. பில்லுல ஐந்நூறு குறை."

"முந்நூறு."

"நானூறு."

நானூறுக்கு முடிந்தது.

ஜூலை 28, ஞாயிறு

விடுப்பு எடுத்துக்கொண்டு டென்சிங் கடைக்குப் போனேன். அஞ்சலை அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி அவன் ஏதோ மென்பொருளை ஓட விட்டிருந்தான். படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்திலும் பல படங்கள் அரைகுறை. மேலே வானம், கம்பி, தலைவர் நெற்றி. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கீழே ஒன்றும் இல்லை. அவர் நிற்பது எப்போதும் கீழ் மூலையில். சாம்பல் ஏறுவதும் கீழேயிருந்துதான். ஒரு படத்தின் அடிப்பாதியில் புதன்கிழமை நான் செய்த செடல் ஃப்ளெக்ஸின் மஞ்சள் தெரிவது போல இருந்தது. அப்படியெல்லாம் தெரியாது, கற்பனை என்றான் டென்சிங். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம்தான் முழுப் படங்கள் வரத் தொடங்கின. முகத்தோடு.

அக்கா அழவில்லை. "இந்தச் சட்டைய நான்தான் தைச்சேன்" என்றார். "இது என் துண்டு. இதையா கட்டிக்கினு போனாரு." ஒரு படத்தில் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பெரிதாக்கச் சொன்னார்.

வக்கீலுக்குப் போன் போட்டோம். தேதி கேட்டார். டென்சிங் உதட்டைப் பிதுக்கினான். மீட்ட ஃபைலில் பேரும் இல்லை, தேதியும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அதுவே நம்பர் போட்டிருக்கிறது. என்றைக்கு எடுத்தது என்று எப்படிச் சொல்வது?

"ஃப்ளெக்ஸப் படிங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் தேதி இல்லாத ஃப்ளெக்ஸ் கிடையாது. கல்யாணத்துக்கு முகூர்த்தத் தேதி. சாவுக்குத் தோற்றம், மறைவு. திருவிழாவுக்கு ஆடி எத்தனை, ஆங்கிலத் தேதி எத்தனை. வலது கீழ் ஓரத்தில் எங்கள் கடைப் பேரும் போன் நம்பரும். எல்லாம் என் கையால் டைப் அடித்தது.

சாயங்காலம் வரை படித்துப் படித்து எழுதினோம். முதல் படம் நான்கு வருடம் முந்தைய காதணி விழா. கடைசிப் படம் அவர் சாவதற்கு முந்தின நாள், ஒரு நகைக்கடைத் திறப்பு விழா. அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருப்ப பாப்பா. எவனோ அழிச்சத நீ எடுத்துக் குடுத்த."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஓனருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கூடவே படங்களின் நகல்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உன்ன எங்கூட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருந்தேன்" என்றார். அவர் வீட்டுப் பெண் என்ஜினீயரிங் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். வேலைக்கு விடவில்லை.

பையை எடுத்துக்கொண்டேன். சாதிக் பாய் மிஷினுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் போகும்வரை கிடைக்கவில்லை.

அக்காவின் வக்கீல், படம் மட்டும் போதாது, இவை கடை சிஸ்டத்திலிருந்துதான் வந்தவை என்று ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார். சரி என்றேன். வேலை ஏற்கெனவே போய்விட்டது. அதற்கப்புறம் தைரியத்துக்குச் செலவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

மூன்று ஃப்ளெக்ஸ் கடை ஏறி இறங்கியாயிற்று. மூன்றிலும் ஒரே கேள்வி: "நீதான அந்தப் பொண்ணு?"

செப்டம்பர் 12, வியாழன்

ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கச் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் குறைவு. சிஸ்டம் புதிது.

நவம்பர் 21, வியாழன்

லேபர் ஆபீஸில் விசாரணை. மாடியில் நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஓனரும் அவர் வக்கீலும். ஒரு நாற்காலி தள்ளி நாங்கள். அஞ்சலை அக்காவின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

ஓனரின் வக்கீல் பழைய பாட்டையே பாடினார். கடை அச்சடிக்கும், கட்டுவது கஸ்டமர் பாடு, பூமிநாதன் என்பவருக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை. படங்களில் கடைப் பேர் இருப்பதால் அச்சடித்தது கடை என்று ஆகும், கட்டச் சொன்னது கடை என்று ஆகாது. கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. செல்ஃபி விதியைப் பற்றி நான் சொன்னதற்கு, வேலையை விட்டு நிறுத்திய கோபத்தில் பேசுகிறார் என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இந்தப் படமெல்லாம் சிஸ்டத்துல இருந்துச்சுன்னு சொல்ற. அப்புறம் அழிஞ்சு போச்சுங்கற. யாரு அழிச்சது?"

"ஓனர் அழிக்கச் சொன்னார்."

"அழிச்சது யாருன்னு கேட்டேன்."

"நான்தான் மேடம்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தோள் மட்டும் விலகியது.

"சொன்னா அழிச்சிடுவியா?"

"அப்ப இடம் தேவைப்பட்டுச்சு மேடம்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு படங்கள் இருந்த ஃபைலை இழுத்துப் புரட்டத் தொடங்கினார். அவசரமில்லாமல் ஒவ்வொரு பக்கமாக. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓனருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கழுத்தை நீட்டி, தலைகீழாகத் தெரிந்த படங்களைத் தானும் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் உங்க பிரிண்ட்தானே?" என்றார் அதிகாரி.

"பிரிண்ட்டு நம்முளுதுதாங்க மேடம். கலரப் பாத்தாலே தெரியுமே."

இன்னும் இரண்டு பக்கம் புரண்டது. ஓனர் நாற்காலியிலிருந்து அரைவாசி எழுந்தார்.

"இதப் போய் வச்சிருக்காங்க பாருங்க மேடம்." விரலை நீட்டினார். "இடது ஓரம். மடிப்பு. சரியா கண்ணு மேல மடிப்பு வுழுந்து, மனுஷன் மூஞ்சியே கோணிக்கினு நிக்குது. வட்டச் செயலாளர் ஃப்ளெக்ஸ். இந்தப் படத்தப் பாத்ததும் அன்னிக்கே போன் போட்டுத் திட்டுனேன். அவுத்துத் திருப்பிக் கட்டுடான்னு அப்பவே அனுப்பிச்சேன். கீழ நம்ம கடைப் பேரு இருக்கு இல்ல?"

அவர் வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பாதி வாக்கியத்திலேயே இழுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்.

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "யாருக்குப் போன் போட்டீங்க?"

ஓனர் உட்கார்ந்தார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. யாரத் திட்டுனீங்க?"

"பூமிய" என்றார் ஓனர்.

அதிகாரியின் பேனா காகிதத்தில் ஓடியது. அது நிற்கும்வரை காத்திருந்தது போல அஞ்சலை அக்கா வாயைத் திறந்தார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"அன்னிக்கு மழைங்க."

"என்னம்மா?"

"வூட்டுக்கு வந்து சாப்புட ஒக்காந்துட்டாரு. அந்த மடிப்ப அவுத்துக் கட்டச் சொல்லி இவரு போன் வந்துச்சு. கைய கழுவிட்டு எழுந்து போனாரு. சட்டம் வழுக்கும், காலையில போன்னு சொன்னேன். கேக்கல. அன்னிக்கு நல்ல மழைங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.